பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு பேர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஸ்கெட்சை இரண்டு தடவை பார்த்தேன். சுவர் முழுக்கப் பழைய பேப்பர், நடுவில் கண்ணைக் கட்டிய பொம்மை, நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் கத்தும் டிவி. தலைப்பு ‘எல்லாம் பொய்’. இறுதியாண்டுக் கண்காட்சிக்கு இது போதும், மார்க் வந்துவிடும். ஆனால் பத்தொன்பது வருடம் பேப்பர் ஆபீஸில் ராத்திரி ஷிப்ட் பார்த்த சித்தப்பாவிடம் கருத்து கேட்டிருக்கிறாய். எனக்குப் பிடிக்கவில்லை.

‘எல்லாம் பொய்’ என்பதை நம் தெரு டீக்கடையில் தினமும் காலையில் சொல்கிறார்கள். சொன்ன வாயோடு, வாட்ஸ்அப்பில் வந்த நியூஸ் கார்டை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். அதில் ஏதோ ஒரு சேனலின் லோகோ இருக்கும். அது எங்கள் கார்டே இல்லை, போலி என்று அந்தச் சேனல் பிறகு மறுப்பு போடும். மறுப்பை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்? ஆனால் ஒன்று கவனி. போலி கார்டு செய்கிறவனுக்கு அந்த லோகோ வேண்டியிருக்கிறது. நம்பிக்கை முழுக்கச் செத்திருந்தால் அவன் எதற்கு அதைத் திருடப் போகிறான்?

‘காலப்’ (Gallup) என்ற அமெரிக்க நிறுவனத்தின் கருத்துக்கணிப்பைச் சுவரில் பெரிதாக எழுதப் போவதாகவும் சொன்னாய். ஊடகத்தை நம்புகிறவர்கள் 1976இல் 72 சதவீதம், 2024இல் 31. சரிதான், ஆனால் அது அமெரிக்கர்களைக் கேட்ட கணக்கு. நம் டீக்கடையை யாரும் கேட்கவில்லை.

உனக்கு ஒரு கலைப்படைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரா சார்ல்ஸ்வொர்த் என்ற அமெரிக்கக் கலைஞர் செய்தது. 1978 மார்ச்சில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை ‘ரெட் பிரிகேட்ஸ்’ என்ற இடதுசாரி ஆயுதக் குழு கடத்தியது. ஏப்ரல் 18 அன்று, அவரைக் கொன்று உறைந்த ஏரியில் போட்டுவிட்டோம் என்று ஓர் அறிக்கை வந்தது. அது போலி. போலீஸ் போய்ப் பனியை உடைத்துத் தேடியது. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று காட்டக் கடத்தல்காரர்கள் ஒரு படம் அனுப்பினார்கள். அதில் மோரோ கையில் ‘லா ரெபுப்ளிகா’ நாளிதழைப் பிடித்திருக்கிறார். ஏப்ரல் 19 தேதியிட்ட அந்த இதழின் தலைப்பே ‘மோரோ கொல்லப்பட்டாரா?’ என்பதுதான். அரசாங்கத்தையே நம்பாத கும்பலுக்கும், உயிரோடிருப்பதற்குச் சாட்சியாக ஒரு பேப்பரின் தேதி தேவைப்பட்டது பார்.

ஏப்ரல் 21 அன்று அந்தப் படம் உலகம் முழுக்க முதல் பக்கத்தில் வந்தது. சார்ல்ஸ்வொர்த் 45 பேப்பர்களின் முதல் பக்கங்களை எடுத்து, பேப்பரின் பெயரையும் படங்களையும் தவிர மற்ற எல்லாவற்றையும் வெள்ளையாக்கினார். ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. ஒரு பேப்பரில் மோரோ பக்கத்தை அடைத்து நிற்கிறார், இன்னொன்றில் மூலையில் தபால்தலை மாதிரி. எழுத்து போன பிறகுதான், அந்த ராத்திரி ஒவ்வொரு டெஸ்க்கிலும் எவனோ ஒருவன் எடுத்த முடிவு வெளியே தெரிகிறது. அந்த ‘எவனோ ஒருவன்’ வேலைதான் நான் பார்த்தது. மே 9 அன்று மோரோவின் உடல் ரோமில் ஒரு காரின் பின்பக்கத்தில் கிடந்தது.

சிலியைச் சேர்ந்த கலைஞர் அல்ஃப்ரெடோ ஜாரும் இதே வழிதான். ருவாண்டா இனப்படுகொலை நடந்த 1994இல், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வந்த ‘நியூஸ்வீக்’ என்ற அமெரிக்க வார இதழின் 17 அட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அந்த வாரம் ருவாண்டாவில் நடந்ததை எழுதினார். அட்டைக்கு ருவாண்டா வந்தது கடைசியில், ஆகஸ்ட் 1 இதழில். அந்த அட்டைகளில் பொய் எதுவும் இல்லை. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

நிஜப் பேப்பர் மாதிரியே போலிப் பேப்பர் அச்சடித்து பஸ் ஸ்டாண்டில் வைக்கும் உன் இரண்டாவது யோசனை வேண்டாம். 2004 டிசம்பர் 3, போபால் விஷவாயுவின் இருபதாம் ஆண்டு நினைவு நாள். பெரிய நிறுவனங்களைப் போல வேஷம் போட்டு அவற்றைக் கிண்டல் செய்யும் ‘யெஸ் மென்’ குழுவில் ஒருவர், போபால் ஆலையின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைப் பிறகு வாங்கிய டவ் கெமிக்கலின் பேச்சாளராக பிபிசியில் தோன்றி, பொறுப்பேற்கிறோம், 1200 கோடி டாலர் தருகிறோம் என்றார். கொஞ்ச நேரத்தில் குட்டு வெளிப்பட்டது, பிபிசி மன்னிப்பு கேட்டது. டவ்வுக்கு அது நல்ல சூடுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் போபாலில் அதை நம்பியவர்களை நினைத்தால் என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போது என் கதை. உன் அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஒரு ராத்திரி, விபத்துச் செய்தி ஒன்றுக்கு நிருபர் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்று இறந்தவர், இன்னொன்று போலீஸில் புகார் கொடுத்த உறவினர். பக்கம் போக வேண்டிய நேரம், நான் படத்தை மாற்றி வைத்துவிட்டேன். மறுநாள் காலை அந்த உறவினர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். பேப்பரை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, “சார், இது நான்” என்றார். கோபமே இல்லை. அவர் வீட்டுக்கு விடியற்காலையிலேயே மாலையோடு ஆள் வந்துவிட்டதாம்.

அவர் கேட்டது ஒன்றுதான்: படத்தை எவ்வளவு பெரிதாகப் போட்டீர்களோ, தவறு என்பதையும் அவ்வளவு பெரிதாகப் போடுங்கள். முதல் பக்கத்தில் இரண்டு பத்தி அகலத்துக்குப் படம் வந்திருந்தது. இரண்டு நாள் கழித்து ஒன்பதாம் பக்கத்தில், டெண்டர் விளம்பரத்துக்குக் கீழே, நாலு வரி ‘வருந்துகிறோம்’ போட்டோம். அந்த நாலு வரியையும் நான்தான் எழுதினேன்.

நூலகத்துக்குப் போ. பழைய பேப்பர் கட்டுகளில் ‘வருந்துகிறோம்’, ‘திருத்தம்’ என்று வந்ததையெல்லாம் தேடு. ஒவ்வொன்றுக்கும் மூலத் தவறு எந்தப் பக்கத்தில், எவ்வளவு இடத்தில் வந்தது என்று பார். இரண்டையும் அச்சான அதே அளவில் அருகருகே மாட்டு, மற்றதை வெள்ளையாக்கிவிடு. தூசி ஒத்துக்கொள்ளாது, முகத்துக்குத் துணி கட்டிக்கொள்.

என்னுடைய இரண்டு பக்கமும் பீரோவில் மேல்தட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள். அந்த மனிதரின் முகத்தையும் பெயரையும் மட்டும் மறைத்துவிடு, அவரை ஏற்கெனவே ஒரு தடவை மாட்டிவிட்டோம்.

அன்புடன்,
சித்தப்பா