மூன்றை எட்டாக்கும் பெயின்ட்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சுதந்திர தினமோ பொங்கலோ நெருங்கினால் ஊராட்சிகளில் பெயின்ட் டப்பா திறந்துவிடும். கொடிக்கம்பம், தண்ணீர்த் தொட்டி, மந்தைத் திண்ணை என்று வரிசையாக அடித்துக்கொண்டு வருகிற கை, பழைய சாவடிச் சுவரிலோ பள்ளிக்கூடச் சுவரிலோ பதிந்திருக்கும் வெள்ளைச் சலவைக்கல்லையும் விடுவதில்லை. முதல் உலகப் போருக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் போர் முடிந்தபின் அன்றைய அரசு பதித்த கல் அது. "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தனர்" என்ற பொருளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரிகள். யார் யார் என்று இருக்காது.

வைகைக் கரையில் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த நடுகல்லில், கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், பட்டவனின் பெயர் 'தீயன் அந்தவன்' என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் இருக்கிறது. மாட்டுச் சண்டையில் செத்தவனுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிடைத்த பெயர், கப்பலேறிப் போய்ச் செத்தவனுக்குக் கிடைக்கவில்லை. அவனுக்கு வாய்த்தது ஒரு எண். அந்த எண்ணுக்குள் எனாமல் பெயின்ட் இறங்கினால் 3 என்பது 8 ஆகும், ஓரத்து 1 காணாமல் போகும். ஆகவே இந்தக் கல்லில் அழகைவிட இலக்கம் முக்கியம்.

வெள்ளைக்காரன் வைத்த கல்லுக்கு என்ன மரியாதை என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சிப்பாய்களை எண்ணிக் கல் வெட்டிய அதே அரசுதான் 1920 ஏப்ரல் 3-இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டுக் கொன்றது. ஆனால் கல்தான் அவர்களுடையது; போனவர்கள் நம் ஊர்க்காரர்கள்.

கல்லைத் தொடுமுன் பதிவு. நாலு பக்கமும் படம், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து. எழுத்து மங்கியிருந்தால் படிப்பதற்காக மாவு பூசாதீர்கள். எறும்பும் பூஞ்சணமும் வரும். இருட்டியபின் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பக்கவாட்டில் அடித்தால் வெட்டுப் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். வரி பிரிவது உட்பட, இருப்பதை இருக்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள்.

கழுவுவதற்கு நல்ல தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். கீழிருந்து மேலாக நனைத்துக்கொண்டு போனால் அழுக்கு வழிந்து கோடு விழாது. டைல்ஸ் கழுவும் ஆசிட்டைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. மேலே அப்பியிருக்கும் வெள்ளையடிப்புச் சுண்ணாம்பும் அடியில் இருக்கும் சலவைக்கல்லும் வேதியியலில் ஒரே சரக்கு. ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தின் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். ஈரத்துணியால் ஊறவைத்து மூங்கில் சிம்பால் நெம்பினால் சுண்ணாம்பு ஏடு ஏடாகக் கழலும். எனாமல் கதை வேறு. அதை நீங்களாகச் சுரண்டாமல் மாநிலத் தொல்லியல் துறையிடம் விடுங்கள். திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துக்கொள்வதும் அத்துறைதான். மதுரைக்காரர்களுக்கு விலாசம் சொல்ல வேண்டியதில்லை.

விரிசலுக்குக் காரணம் பெரும்பாலும் பின்னால் கல்லைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டைதான். துரு ஏறினால் இரும்பு பருக்கும், கல் வெடிக்கும். எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகோ பித்தளையோ போட வேண்டும். சுற்றிச் சிமென்ட் பூசுவது அடுத்த தவறு. சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல் வழியாக வெளியேறும். உப்புப் பூத்து மேற்பரப்பு பொரிந்து உதிரும். ஊறவைத்த சுண்ணாம்பு 1 பங்கு, சலித்த மணல் 3 பங்கு சேர்த்துப் பூசி, ஈரச்சாக்கு போட்டு இரண்டு வாரமாவது காயாமல் வைத்திருங்கள். தனித் தூணாக நிற்பதென்றால் அடியைப் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, தூண் பள்ளத்தில் நிற்கும். மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். ஃபிளெக்ஸ் கட்டுகிற கம்பியைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, சாவடியை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்புவது. ஜேசிபி வந்தபின் கல்லைத் தேடிப் பயனில்லை. இடிப்பு மதிப்பீட்டிலேயே கல்லைப் பத்திரமாக எடுப்பதற்கு ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். முகப்பில் கடப்பாரை போட்டு நெம்பாமல், சுற்றிச் செங்கலோடு வெட்டி எடுக்க வேண்டும். சாக்கு சுற்றி நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். படுக்கப் போட்டால் சலவைக்கல் தன் எடையிலேயே நடுவில் ஒடியும். புதுச் சுவர் எழும்பும்வரை ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும், யார் வீட்டுத் திண்ணையிலும் வேண்டாம்.

தொல்லியல் துறை வந்தால் வீடு கட்ட முடியாது என்று சிலர் வாயைத் திறப்பதில்லை. சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற தடை மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கானது. கல்லைக் காக்கக் கிராம சபையில் தீர்மானம் போடுவதால் அப்படி ஒரு தடை வராது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கல் இருக்கும் சர்வே எண், நீள அகலம், வாசகம், படம் ஆகியவற்றோடு, சபையைக் கேட்காமல் பெயின்ட் அடிக்கவோ பெயர்க்கவோ கூடாது என்று ஒரு வரியும் தீர்மானத்தில் இருக்கட்டும். நகல் கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், வட்டார வளர்ச்சி அலுவலர் மூவருக்கும் போக வேண்டும். ஊரின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் ஏற்றச் சொல்லி வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். தலைவர் மாறினாலும் பதிவேடு மாறாது.

பெயர்களையும் தேடலாம். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பதிவில் இறந்தவர்களின் படைப்பிரிவும், பல இடங்களில் தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் உண்டு. இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் அகப்படாது. திண்டுக்கல்லும் தேனியும் அன்று 'மதுரா' ஜில்லா. சிவகங்கைப் பக்கம் 1910-இல் உருவான ராமநாதபுரம் ஜில்லா. உசிலம்பட்டி வட்டாரம் திருமங்கலம் தாலுகா. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். இறந்தவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். திரும்பி வந்தவர்களுக்கு வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் மெடல்தான் சாட்சி. அதன் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள், சிப்பாயின் எண்ணும் பெயரும் பிரிவும் பொறித்திருக்கும்.

கிடைத்த பெயர்களைப் பழைய கல்லிலேயே வெட்டிவிட வேண்டாம். மேலூர்ப் பக்கம் கருங்கல்லுக்கா பஞ்சம்? கீழே தனிக் கல்லாகப் பதியுங்கள். அடியில் நாலைந்து வரிக்கு இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். எல்லாப் பெயரும் ஒரே தவணையில் கிடைக்காது.

இப்படிக்கு,
திருமங்கலம், உசிலம்பட்டி வட்டார வாசகர்கள் சிலர்