இத்தாலியின் ரிமினி கடற்கரையில் உதவிய உயிர்காப்பாளருக்கு நன்றி

ஆழமில்லாத கடல்நீரில் மணலுக்குள் புதைந்துகிடந்த த்ராச்சினா என்ற விஷமுள் மீனின் முள் என் மனைவி காலில் ஏறியதும், கூப்பிடாமலே ஓடி வந்தீர்கள் அண்ணா. முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, உங்கள் கையை விட்டுச் சூடு பார்த்தபிறகே காலை வைக்கச் சொன்னீர்கள். ஐஸ் கூடாது, அந்த விஷம் சூட்டில்தான் முறியும். தோல் பொறுக்கும் அளவு, 40 டிகிரி போல, அரைமணி நேரமாவது. ஆற ஆற நீங்களே மாற்றி ஊற்றினீர்கள்.

வலி தணிந்ததும் இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வதென்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தீர்கள். "மி ஆ புந்தோ ஊனா த்ராச்சினா": த்ராச்சினா குத்திவிட்டது. "ஆக்குவா கால்தா, பெர் ஃபவோரே": வெந்நீர் கொடுங்கள். மூச்சுத் திணறினால் உடனே அவசர எண் 112. ஜெல்லிமீன் என்றால் "மெதூசா"; அதற்குக் கடல்நீரில்தான் கழுவ வேண்டும்.

கிராத்சியே மில்லே, மிக்க நன்றி அண்ணா! ரிமினி பக்கம் இருக்கும் தமிழர் யாராவது இதை உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.