முதல் பருவ நிறைவும் டைனோசர் பையும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைகிறது. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தி முடிந்துவிட்டன. விடுமுறைக்கு முன்பே பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். சுதந்திர தின விழா, திருக்குறள் ஒப்புவித்தல், ஓட்டப் பந்தயம் என எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் வாழ்த்துகள். குடிநீர்த் தொட்டி கழுவப்பட்டது, கழிப்பறைக் குழாய்கள் மாற்றப்பட்டன. மழைக்காலம் வருகிறது, குடையில் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் எழுதி அனுப்புங்கள்.

யு.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பெற்றோர்களிடம் மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை பள்ளிக்குத் திரும்பும் டைனோசர் பையைப் பற்றித்தான்.

அந்தத் துணிப்பையில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு ஏ4 தாளை மடித்து 8 பக்கமாக்கிய குட்டிப் புத்தகம், 12 சொல் அட்டைகள், 4 பட அட்டைகள், ஒரு பிளாஸ்டிக் டைனோசர். ஏன் டைனோசர் என்று சிலர் கேட்டீர்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதன்மேல் இருக்கும் ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணம், அதைப் பற்றிப் பேசத் தேவையான ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் குட்டிச் சொற்கள், எழுத்துக்கு ஒரு ஒலியாகச் சேர்த்துப் படித்துவிடக் கூடியவை. சேற்றுக்கு மட், காலுக்கு லெக், கூட்டுக்கு நெஸ்ட். டி. ரெக்ஸ் என்ற டைனோசர் பெயரில் வரும் ரெக்ஸ் என்பதில் மூன்றே எழுத்துகள். கடைசி எழுத்து ஒன்றே க்ஸ் என்று இரண்டு ஒலி தரும். அது பிடிபட்ட அன்று பிள்ளைகள் வகுப்பில் ரெக்ஸ், ஃபாக்ஸ், பாக்ஸ் என்று தாங்களாகவே அடுக்கிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வரும் பைகளைத் திங்கட்கிழமை ஆசிரியைகள் பிரித்துப் பார்க்கும்போதுதான் மனம் வருந்துகிறது. பாதிக்கு மேற்பட்ட பைகளில், ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பால்பாயிண்ட் பேனாவால் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறது. சில அட்டைகளில் இரண்டு மூன்று கையெழுத்துகள்: அம்மா எழுதியது, டியூஷன் அக்கா திருத்தியது, மறுபடி யாரோ கோடு போட்டது. பிள்ளை தடுமாறக் கூடாது என்ற அக்கறையில்தான் எழுதுகிறீர்கள். அதில் எங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு வரி தமிழ், ஒரு வாரப் பாடத்தையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

தமிழ் எழுத்துகள் ஓரளவு பிடிபட்ட பிள்ளை, மேலே தமிழும் கீழே ஆங்கிலமும் இருந்தால் தமிழைத்தான் படிக்கும். கண் முதலில் தெரிந்த எழுத்துக்குத்தான் போகும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளையோ, பெரியவர் வாசித்ததைக் கேட்டுப் பக்கத்துக்குப் பக்கம் மனப்பாடம் செய்துகொள்ளும். இரண்டு பேருமே வீட்டில் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பெற்றோருக்கும் சந்தோஷம். திங்கட்கிழமை அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினால் விழிப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்தாக இருக்கும் பல ஒலிகளுக்குத் தமிழில் ஒரே எழுத்துதான். பெரிய என்ற பொருளில் வரும் சொல், பன்றியைக் குறிக்கும் சொல், பொறுக்கி எடு என்ற பொருளில் வரும் சொல், இந்த மூன்றையும் தமிழில் எழுதினால் பிக், பிக், பிக். படுக்கையும் பெட், வளர்ப்புப் பிராணியும் பெட், பந்தயமும் பெட். தோண்டு என்பதும் டிக், சரி என்று போடும் குறியும் டிக். இந்த வித்தியாசத்தைக் காதால் பிரித்துக் கண்ணால் அடையாளம் காண்பதற்காகத்தான் ஃபோனிக்ஸ், அதாவது எழுத்தின் ஒலிகளைச் சேர்த்துப் படிக்கும் வகுப்பே நடத்துகிறோம். அட்டைமேல் தமிழில் எழுதியதும் அந்த வித்தியாசம் அத்தனையும் அழிந்துபோகிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பெற்றோர் எழுதினாலும் இதே கதைதான்.

"எங்களுக்கு இங்கிலீஷ் வராது, எழுதி வைக்காமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று பல தாய்மார்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பதில்: நீங்கள் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பிள்ளை படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். அதற்கு வேண்டியதெல்லாம் தமிழ் பேசும் வாயும் பத்து நிமிடமும்தான்.

முதலில் எழுத்தின் பெயரைச் சொல்லச் சொல்லாதீர்கள், ஒலியைச் சொல்லச் சொல்லுங்கள். எஸ், ஏ, டீ என்று பெயர்களை எத்தனை முறை அடுக்கினாலும் சாட் என்ற சொல் வராது. ஸ்ஸ், ஆ, ட் என்று சொன்னால் வரும். இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. ம வேறு, ம் வேறு என்பது புள்ளி எழுத்து படிக்கும்போதே அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஆங்கில எழுத்தின் ஒலியும் புள்ளி வைத்த ம், ன், ல் போலத்தான் வர வேண்டும். ம, ந, ல என்று அகரம் சேர்த்துச் சொன்னால் மட் என்ற சொல் மஅட என்று உடையும். அதேபோல் இக், இங், இச் என்று முன்னால் இகரம் போட்டுப் படித்த பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இம்-அ-ட் என்று சேர்த்தால் இமட் என்றுதான் கேட்கும். முன்னாலும் இ வேண்டாம், பின்னாலும் அ வேண்டாம்.

ஸ், ம், ன், ல், ர், ஃப் ஆகிய ஒலிகளை மூச்சு உள்ளவரை இழுக்கலாம். இவற்றில் தொடங்கும் அட்டைகளை முதலில் எடுங்கள். ம்ம்ம்-அ-ட் என்று இழுத்தபடியே அடுத்த ஒலிக்குப் போனால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். க், ட், ப் போன்றவற்றை இழுக்க முடியாது. அவற்றைச் சட்டென்று சொல்லி, நிறுத்தாமல் அடுத்த ஒலியோடு சேர்க்க வேண்டும். இவை பையப் பையத்தான் வரும்.

பன்றிக்கும் பெரியதற்கும் உள்ள முதலெழுத்து வித்தியாசத்தை எப்படிக் காட்டுவது? பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப ஒரு மாதிரி, ம் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் ப வேறு மாதிரி. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொன்னால், இரண்டாவது ப வரும் நேரத்தில் அதிர்வு இருப்பது தெரியும். கடையில் வரும் க, தங்கத்தில் வரும் க. பட்டத்தில் வரும் ட, வண்டியில் வரும் ட. இந்த ஒலிகள் எல்லாம் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. பிள்ளையின் விரலை அதன் தொண்டையில் வைத்து இந்தச் சொற்களைச் சொல்ல வையுங்கள், பிறகு அட்டையைக் காட்டுங்கள்.

பிள்ளை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலான பெற்றோர் இரண்டிலேயே சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். ஐந்து வரை எண்ணியும் வரவில்லையென்றால், முதல் எழுத்து மட்டும் தெரியும்படி மீதியை விரலால் மறையுங்கள். அந்த ஒலி வந்ததும் அடுத்த எழுத்தைத் திறந்து காட்டுங்கள். அப்போதும் வரவில்லையா, அந்த அட்டையைப் பையின் முன் ஜிப்பில் தனியாகப் போட்டு அனுப்புங்கள். எங்களுக்கு அதைவிட உபயோகமான தகவல் இல்லை. எந்த அட்டை வரவில்லை என்பதை வைத்துத்தான் அந்த வாரம் எந்த ஒலியை மறுபடி எடுப்பது என்று ஆசிரியை முடிவு செய்வார். எல்லாம் சரியாகப் படித்ததாக வரும் பை எங்களுக்கு எதுவும் சொல்வதில்லை.

பிள்ளை உண்மையிலேயே படிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொல்லுங்கள். படத்தைக் கையால் மறையுங்கள். அட்டைகளைக் கலைத்துப் போடுங்கள்.

அந்த 4 பட அட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். விசித்திரமான டைனோசர் படமும் அதன்கீழ் மிப், வெம், ஜஃப் போன்ற பெயரும் இருக்கும். இவை அச்சுப் பிழை அல்ல. அகராதியில் இல்லாத பெயர்களாக வேண்டுமென்றே வைத்திருக்கிறோம். இதுவரை கேட்டறியாத பெயரை மனப்பாடமாகச் சொல்ல முடியாது. எழுத்தைப் பார்த்து ஒலியைச் சேர்த்தால்தான் வரும். இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு நடத்தும் ஃபோனிக்ஸ் தேர்வில் 40 சொற்களில் 20 சொற்கள் இப்படிப்பட்ட பொய்ச் சொற்கள்தான். பிள்ளை குழம்பாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கற்பனை உயிரினத்தின் படமும் இருக்கும். நம் அட்டைகளில் சிலவற்றில் மிப்பை அடித்துவிட்டு லிப் என்று திருத்தியிருக்கிறார்கள். தயவுசெய்து திருத்தாதீர்கள்.

நீளமான பெயர்களுக்கு வேறு முறை. டிரைசெராடாப்ஸ், ஸ்டெகோசாரஸ், டைரனோசாரஸ் ஆகியவற்றை இந்த வயதுப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தேவையில்லை. ஆசிரியை சொல்வார், பிள்ளை கைதட்டிப் பிரிக்கும்: டை-ர-னோ-சா-ரஸ், ஐந்து தட்டு. டிரை-செ-ரா-டாப்ஸ், நான்கு தட்டு. டைரனோசாரஸின் 13 எழுத்து ஸ்பெல்லிங்கை யு.கே.ஜி. பிள்ளையிடம் மனப்பாடம் செய்யச் சொல்லி இரவு ஒன்பது மணிவரை உட்கார வைத்ததாகக் கேள்விப்பட்டேன். அது வேண்டவே வேண்டாம். பத்து நிமிடம் ஆனதும், பாதியில் இருந்தாலும், பையை மூடிவிடுங்கள்.

இப்போது கண்டிப்பாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பை ஒரு பிள்ளைக்கு மட்டும் சொந்தமானதல்ல. இந்த வாரம் உங்கள் வீட்டில் இருக்கும் பை அடுத்த வாரம் இன்னொரு வீட்டுக்குப் போகும். நீங்கள் எழுதும் தமிழ் அந்தப் பிள்ளையின் படிப்பையும் கெடுக்கிறது. அட்டைகளை நம் ஆசிரியைகள் பள்ளி முடிந்த பிறகு சார்ட்டில் வெட்டி, கையால் எழுதித் தயாரிக்கிறார்கள். ஆகவே இரண்டாம் பருவம் தொடங்கியதிலிருந்து அட்டையிலோ புத்தகத்திலோ எதுவும் எழுதக் கூடாது. எழுதிய பை திரும்பி வந்தால், அடுத்த பை கொடுப்பதற்கு முன் பெற்றோரில் ஒருவர் நேரில் வந்து, வகுப்பாசிரியையோடு கால் மணி நேரம் உட்கார்ந்து, கெட்டுப்போன அட்டைகளைப் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முழுப் புத்தகத்தையும் வாசித்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதையும் இன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டியூஷனுக்கு அனுப்புகிறவர்கள் இந்தக் கடிதத்தை டியூஷன் ஆசிரியரிடமும் காட்டுங்கள்.

கண்டிப்பாகச் சொன்னதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூ கட்டி முடித்த கையோடும், கடையை எடுத்து வைத்த களைப்போடும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாத ஒரு பாட்டி, பேரனை மடியில் வைத்துக்கொண்டு "சொல்லுய்யா, நீ சொல்லு, நான் கேக்குறேன்" என்று ஒவ்வோர் அட்டையாக எடுத்துக் காட்டுவதாக வகுப்பாசிரியை சொன்னார். அந்தப் பையன் இப்போது ஜஃப், வெம் எல்லாவற்றையும் தடையில்லாமல் படிக்கிறான். எங்களுக்கு உங்களிடம் வேண்டியது இதுதான்.

விடுமுறையில் பை வராது. மதுரை நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். படம் மட்டும் பார்த்தாலும் பரவாயில்லை. "நம்ம ஊர்ல டைனோசர் இருந்துச்சா?" என்று பிள்ளைகள் வீட்டில் கேட்பதாகச் சொன்னீர்கள். நம் மதுரை ஆனைமலைப் பாறை டைனோசர் காலத்துக்கும் பல கோடி ஆண்டுகள் முந்தியது; பூமிக்கு அடியில் வெந்து இறுகிய பாறை, அதில் டைனோசர் எலும்பு கிடைக்காது என்று சொல்லுங்கள். அரியலூர்ப் பக்கம் மண் வேறு. அங்கே கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை வைத்து 1987இல் ஒரு டைனோசருக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயர் சூட்டினார்கள். இந்தப் பெயருக்கு எத்தனை தட்டு என்று பிள்ளையிடமே கேளுங்கள்.

இந்தப் பருவம் முழுவதும் பைகளை ஒழுங்காகத் திருப்பி அனுப்பியதற்கும், ஒரு பொம்மைகூடத் தொலையாமல் பார்த்துக்கொண்டதற்கும் ஆசிரியைகள் சார்பில் மனமார்ந்த நன்றி. தற்போது உங்கள் வீட்டில் இருக்கும் பையை விடுமுறைக்கு முந்தைய நாளே கொடுத்தனுப்பிவிடுங்கள். அட்டைகளைச் சரிபார்த்துப் புதுப்பிக்க ஆசிரியைகளுக்கு அந்த நாட்கள் வேண்டும். மேலே சொன்ன ஒலிகளை நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்காக, பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்கு யு.கே.ஜி. வகுப்பறையில் அரை மணி நேரம் செய்து காட்டுவோம். தாத்தா பாட்டிகளும் வரலாம். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வாருங்கள்.

சரஸ்வதி பூஜை வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்