பீப்பாயில் போட்ட பணம்

தாம்பரே, பின்லாந்து
டிசம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கே நீ, அத்தான், பிள்ளைகள், அம்மா, அப்பா எல்லாரும் நலமா? மணி மூன்றரை ஆகிறது, வெளியே தெருவிளக்கு எரிகிறது. காலையில் ஒன்பதரைக்கு மேல்தான் விடிந்தது. இதற்குப் பெயர் பகல்.

அம்மா போன வாரம் போனில் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வைத்தாள். "முப்பத்திமூணு வயசுல ராத்திரி ஒரு மணி வரைக்கும் வீடியோ கேம் ஆடுறானாம், இதுக்கா அவ்வளவு தூரம் போனான்?" சொன்னது உன் பெரியவன்தான். நான்தான் அவனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தேன், அவனைத் திட்டாதே. அம்மாவுக்கு இதை விளக்க என்னால் ஆகாது. உனக்கு விளங்கும், எனக்கு இதைப் பழக்கிவிட்டதே நீதானே.

திருத்துறைப்பூண்டி பஸ் ஞாபகம் இருக்கா? ஜன்னலோரம் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர். "மகளப் பாத்துட்டு வர்றாரு. சம்பந்தி வீட்ல சரியா சாப்பாடு போடல, மொகத்தப் பாரு" என்று என் காதில் ஓதினாய். அவர் இறங்கின இடத்தில் ஒரு பெண் குழந்தையோடு ஓடிவந்து "அப்பா" என்றாள். நீ அசரவே இல்லை. "மக இங்கதான் இருக்கா. அப்ப அது தங்கச்சி வீடு" என்று கதையை அங்கேயே மாற்றிவிட்டாய். அந்த வேலையைத்தான் நான் இங்கே ராத்திரியில் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் ஸ்கைரிம். 2011-ல் வந்தது, பழசுதான். தொடக்கத்தில் நாம் கைகட்டப்பட்டு ஒரு மாட்டுவண்டி மாதிரியான குதிரைவண்டியில் போகிறோம். எல்லையைத் தாண்டும்போது பிடிபட்டவர் என்று எதிரில் இருப்பவன் சொல்வான். அவ்வளவுதான் நம்மைப் பற்றிய தகவல். ஏன் தாண்டினோம், யார் வீட்டுப் பிள்ளை, ஒரு வார்த்தை கிடையாது. வண்டி ஊருக்குள் நின்றதும் கையில் கைதிகள் பட்டியலோடு ஒரு சிப்பாய் "யார் நீ?" என்பான். அப்போதுதான் நாம் ஆடப்போகும் ஆளைச் செய்ய வேண்டும். பத்து இனம் உண்டு. மனிதரில் நாலு, கூர்க்காது எல்ஃபில் மூணு, கோரைப்பல் ஓர்க் ஒன்று, பூனை முகம் ஒன்று, பல்லி முகம் ஒன்று.

நான் பல்லி இனத்தில் ஒரு பெண்ணைச் செய்தேன். ஆர்கோனியன் என்பார்கள். அவர்கள் ஊர் பிளாக் மார்ஷ், முழுக்கச் சதுப்பு. ஆட்டத்தில் அந்த ஊரைக் காட்டுவதே இல்லை, பேச்சில் மட்டும் வரும். எனக்கென்ன, கண்ணை மூடினால் நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. வேர் நீட்டிக்கொண்டிருக்கும் சேறு, அந்த வாசனை, எல்லாம் அவள் ஊருக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களில் சிலருக்குப் பெயரே ஒரு வாக்கியம் மாதிரி இருக்கும், 'ஆழமில்லாத தண்ணீரில் நிற்பவன்' என்று ஒருத்தன் இருக்கிறான். அதனால் நான் இவளுக்கு 'ஓதம் பார்ப்பவள்' என்று வைத்தேன். வயது நாற்பத்தொன்று. படகில் ஆள் ஏற்றி இறக்கிப் பிழைத்தவள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் கணக்கு தப்பாது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. அதை வைக்க மட்டும் அரை மணி நேரம் ஆயிற்று, சிரிக்காதே.

அவள் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் கிடக்கட்டும், தலையை வெட்டு என்கிறாள் கேப்டன். சிப்பாய் வருத்தத்தோடு, "உன் உடலைப் பிளாக் மார்ஷுக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு செய்கிறோம்" என்கிறான். அந்த இடத்தில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். போன வருடம் இங்கே ஒரு பையனுக்காக வாட்ஸ்அப்பில் பணம் திரட்டினோமே, அதைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பிறகு டிராகன் வந்து ஊரைக் கொளுத்துகிறது, இவள் தப்பித்துவிடுகிறாள். அது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஆட்டத்து நாட்டின் வடகிழக்கில் விண்ட்ஹெல்ம் என்று ஒரு நகரம், எப்போதும் பனி. பல்லி இனத்தாரை மதிலுக்குள் விடுவதில்லை. துறைமுகத்திலேயே ஒரு கூடத்தில் கிடந்து, குறைந்த கூலிக்கு மூட்டை தூக்குவார்கள். ஆட்டம் நம் ஆளை மட்டும் தடுக்காது, இவள் வாசல் வழியாகவே போய் வரலாம். ஆனாலும் நான் ஒரு கட்டு போட்டேன்: கடைக்கு உள்ளே போவாள், ராத்திரி உள்ளே படுக்கமாட்டாள். துறைமுகத்துக்கு வந்துவிடுவாள்.

அவள் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமே, அதற்கு ஆட்டத்தில் வழியே கிடையாது. அங்கே படித்துறையில் ஒரு பீப்பாய் இருக்கிறது. வாரம் தவறாமல் அதில் நூறு காசு போடுவாள். கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிட்டுத் திறந்தால் காசு இருக்காது. இப்படிப்பட்ட பீப்பாய், பெட்டிகளை ஆட்டம் சில நாளுக்கு ஒருமுறை பழையபடி நிரப்பிவிடும், நாம் வைத்தது போய்விடும். தெரியாமல் நல்ல வாளைப் போட்டு இழந்தவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். என் ஆளுக்கு அதுதான் தபால். காலியாக இருந்தால் பணம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இங்கே என்னோடு வேலை பார்க்கும் பின்லாந்துக்காரன் ஒருத்தன், ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசினால் அதிகம். நான் வந்த முதல் வாரம் எந்த ஊர் என்று கேட்டான், இந்தியா என்றேன், "வெயில்" என்றான். இரண்டு வருடம் அதோடு சரி. போன மாதம் வாப்ரிக்கிக்குக் கூட்டிப்போனான், ஆற்றங்கரையில் பழைய இயந்திர ஆலையில் இருக்கும் அருங்காட்சியகம். அதற்குள் வீடியோ கேம் முதலான ஆட்டங்களுக்கென்றே 2017-லிருந்து ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுக் காபி குடிக்கும்போது படித்துறைப் பீப்பாயைச் சொன்னேன். ஆள் திறந்துகொண்டான்! டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று 1974-ல் வந்த, காகிதத்தில் ஆளை எழுதிவைத்துப் பேசியே ஆடும் ஆட்டம் ஒன்று, இந்த மாதிரி ஆட்டத்துக்கெல்லாம் அதுதான் தாய்வேர். அதில் பதினைந்து வருடமாக ஒரே குள்ளன் பாத்திரத்தை ஆடுகிறானாம். அந்தக் குள்ளனின் சித்தியைப் பற்றி மட்டும் நாற்பது நிமிடம் பேசினான். எல்லாரும் தங்கள் பாத்திரத்தின் அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்கள், சோம்பேறித்தனம் என்றான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உயிரோடு இருக்கும் அம்மாவை வைத்துக் கதை எழுதுவது கஷ்டம், அவள் போன் பண்ணுவாள்.

சில புது ஆட்டங்களில் முன்கதைக்கென்றே ஒரு பட்டியல் வருகிறது, பிரபு, சிப்பாய், திருடன் என்று. ஒன்றைத் தொட்டால் முடிந்தது. எனக்கு அது ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி இருக்கிறது.

ஒன்றுமட்டும் எழுதவே வரவில்லை அக்கா. அவள் ஏன் எல்லையைத் தாண்டினாள்? கடன் என்று வைத்துப்பார்த்தேன், பொருந்தவில்லை. கூலிக்கு என்றால் நூறு காசுக்கா? கோபித்துக்கொண்டு வந்தாள் என்றால், வாராவாரம் பணம் ஏன் போடுகிறாள்? நீ அந்த மஞ்சப்பைக்காரருக்கு ஒரு நிமிடத்தில் சொன்ன மாதிரி இவளுக்கும் ஒன்று சொல். அவளுக்கு ஒரு அக்கா உண்டு, அதை மட்டும் முடிவு செய்துவிட்டேன்.

அப்பாவின் பிரஷர் மாத்திரையை மாற்றினார்களா என்று எழுது. பார்சலில் சுண்டைக்காய் வற்றல் வை, மோர் மிளகாய் போன தடவை அனுப்பியதே இன்னும் இருக்கிறது. அம்மாவிடம் பன்னிரண்டு மணிக்கே படுத்துவிடுகிறேன் என்று சொல்லிவை.

உன் தம்பி