ஈர்ப்பும் காந்தமும் சேர்ந்தால் தப்பாகும் கணக்கு: மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்
ஆய்வகப் பொறுப்பாளர், இயற்பியல் துறை

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சிமுலேஷன் மென்பொருளில் ஈர்ப்பு விசையும் காந்த விசையும் தவறாகக் கூட்டப்படுவது, திருத்தம் அல்லது பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்காக உங்கள் மென்பொருளின் ஓராண்டு லைசென்ஸ் வாங்கியிருக்கிறோம். காந்தப் பகுதியை நீங்கள் தனியாக விற்பதால் அதற்கும் கூடுதல் பணம் கட்டினோம். ஈர்ப்பை மட்டும் இயக்கினால் விடை சரியாக வருகிறது. நிலைக்காந்தத்தை மட்டும் இயக்கினாலும் குறையில்லை. இரண்டையும் சேர்த்தால்தான் கோளாறு. நாங்கள் வாங்கியதே இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான்.

சோதனை எளிது. செங்குத்தான பிளாஸ்டிக் தண்டில் இரண்டு வளையக் காந்தங்களை, ஒத்த முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி கோர்க்கிறோம். மேல் வளையம் அந்தரத்தில் நிற்கும். விலக்கு விசை அதன் எடைக்குச் சமமாகிற உயரம் அது. 20 கிராம் வளையத்தின் எடை 0.196 நியூட்டன். ஒவ்வொரு காந்தத்தையும் வட, தென் முனைகளின் சிறு இணையாகக் கொண்டு உங்கள் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் இருமுனைச் சூத்திரப்படி, விசை தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நாங்கள் கொடுத்த காந்த வலிமைக்கு இடைவெளி 40 மி.மீ. வந்திருக்க வேண்டும். திரையில் வந்தது 15. வளையத்தின் நிறையை 40 கிராமாக்கினால் இடைவெளி சுமார் 34 மி.மீ.க்கு இறங்க வேண்டும். அப்போதும் 15. நிறையை 200 கிராமாக்கினாலும் அதே 15தான்!

அந்த இடத்தில் விலக்கு விசை எவ்வளவு என்று உங்கள் மென்பொருளே காட்டுகிறது: 9.8 நியூட்டன். இந்த எண்ணைப் பள்ளி மாணவன்கூட அடையாளம் கண்டுகொள்வான்: புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு. ஈர்ப்பை நிலவின் 1.62க்கு மாற்றினோம், வளையம் சற்று மேலே ஏறி, விசை சரியாக 1.62 நியூட்டன் ஆகிற இடத்தில் நின்றது. ஈர்ப்பை முடுக்கமாகவும் காந்தத்தை விசையாகவும் வைத்துக்கொண்டு, காந்த விசையை நிறையால் வகுக்காமலே கூட்டியிருக்கிறீர்கள். கிலோவையும் லிட்டரையும் கூட்டி மொத்தம் போட்ட மளிகைக் கடை பில் போல இருக்கிறது.

இதை எழுதி அனுப்பியபோது, “மாதிரிக் கோப்பில் சரியாகவே வருகிறது” என்று சொல்லி உங்கள் உதவிப் பிரிவு எங்கள் புகார்ப் பதிவை (டிக்கெட்டை) மூடிவிட்டது. அந்த மாதிரிக் கோப்பைத் தயவுசெய்து திறந்து பாருங்கள். அதில் நிறை 1 கிலோ. ஒன்றால் வகுத்தால் என்ன, வகுக்காவிட்டால் என்ன?

காந்த வலிமை ஸ்லைடரை நகர்த்தி உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. எங்கள் மாணவர்கள் காந்தத்தை, காந்தப்புலத்தை அளக்கும் காஸ் மீட்டரில் அளந்துதான் அந்த எண்ணை உள்ளிடுகிறார்கள். விடைக்கேற்ப அதை மாற்றச் சொல்வது எங்கள் வேலையையே கெடுப்பதாகும். அப்படியே மாற்றினாலும், நிறை கூடினால் வளையம் இறங்கப் போவதில்லை.

கூடவே இன்னொரு சிறிய குறை. சீரான காந்தப்புலத்தில் சுற்றும் மின்னூட்டத் துகளின் வட்டம், ஈர்ப்பை அணைத்த பிறகும் சுற்றுக்குச் சுற்று விரிகிறது. காந்த விசை வேகத்துக்குச் செங்குத்தானது, வேலை செய்யாது. துகளுக்கு ஆற்றல் எங்கிருந்து கூடுகிறது? காலப்படியை (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரத்தை) சிறிதாக்கினால் விரிவு குறைகிறதே தவிர நிற்கவில்லை. இத்தகைய துகளின் பாதையைக் கணிக்க இயற்பியலாளர் போரிஸ் 1970இல் தந்த முறை, பிளாஸ்மா (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த வாயு) கணிப்புகளில் இன்றும் புழங்குகிறது. அதைச் சேர்ப்பது உங்கள் பொறியாளர்களுக்குப் பெரிய வேலையாக இருக்காது.

மூடிய டிக்கெட்டைத் திறந்து, நிரலாளர் ஒருவரிடமே நேரடியாக ஒப்படையுங்கள். 30 நாட்களுக்குள் திருத்திய பதிப்பு வர வேண்டும். லைசென்ஸ் காலத்தையும் அதற்கேற்ப நீட்டித்துத் தர வேண்டும். முடியாதென்றால் காந்தப் பகுதிக்கான முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இதே பதிப்பை வாங்கிய மற்ற கல்லூரிகளுக்கும் பிழையை எழுத்தில் தெரிவியுங்கள்; பதிவேட்டில் ஏறிய தப்பான அளவீடுகளை அவர்களும் சரிபார்க்க வேண்டியிருக்கும். பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோம்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்

இணைப்பு: 20, 40, 200 கிராம் கோப்புகள், நிலவு ஈர்ப்புக் கோப்பு, திரைப் படங்கள், கட்டண ரசீது நகல்.