பார்த்து வரைவதைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்கு எழுத்து, படிப்பு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டதால்தான் இவ்வளவு தாமதம். இப்போது நன்றாகத் தெரிகிறது. நீலம் இத்தனை நீலமாக இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து வரையச் சொல்லித்தருகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் ஒரு பையனின் அப்பா வந்து, "பார்த்துப் பார்த்து வரையவைத்தால் சொந்தக் கற்பனை செத்துப்போகாதா?" என்று கேட்டதாகவும், உனக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தாயே, அதுதான் உள்ளே உட்கார்ந்துகொண்டது. கண்ணில் கட்டோடு படுத்திருந்த நாளெல்லாம் பாகிஸ்தான் ஓவியர் இம்ரான் குரேஷியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1972ல் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் பிறந்தவர். லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் படித்து 1993ல் வெளியே வந்தார். ஆங்கிலேயர் காலத்தில், 1875ல், மேயோ கலைப்பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. மினியேச்சர் என்கிற சிற்றோவியத்தை அங்கே தனிப் பட்டப்படிப்பாக நிலைநிறுத்தியவர் பஷீர் அகமது. ஹாஜி முகமது ஷரீப், ஷேக் ஷுஜாவுல்லா என்ற இரண்டு பழைய உஸ்தாதுகளின் காலடியில் உட்கார்ந்து கற்றவர். குரேஷிக்கு முதலில் இந்தப் பக்கம் வரவே விருப்பமில்லையாம். நாடகம், பொம்மலாட்டம் என்று திரிந்த பையனை விடாமல் இழுத்து உட்காரவைத்தவர் பஷீர்தான்.

உட்காரவைத்து என்ன செய்யச் சொன்னார் என்கிறாய்? பார்த்து வரையத்தான்! முகலாய ஓவியங்களையும் இமயமலைப் பக்கத்துப் பஹாடி ஓவியங்களையும் கோடு பிசகாமல் நகலெடுக்க வேண்டும். அதற்கும் முன்னால், வரைவதற்கான வஸ்லி என்ற கெட்டித் தாளைச் செய்யக் கற்க வேண்டும். காகிதத்தின் மேல் காகிதமாக மாவுப் பசையில் ஒட்டுவார்கள். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். காய்ந்ததும் சங்காலோ வழுவழுப்பான கல்லாலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அணில்வால் முடியில் தூரிகை, சிப்பி ஓட்டில் வண்ணம். தரையில் உட்கார்ந்து, பலகையை முழங்காலில் சாய்த்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தீற்றலாக நிழலை ஏற்றுவார்கள். அதற்குப் பெயர் பர்தாக்த். ஒரு கன்னத்தின் நிழலுக்கே நாள் கணக்கில் ஆகும்.

இப்படிப் பழகிய குரேஷியின் கை என்ன செய்தது என்பதை நான் நேரில் பார்த்தேன். 2013ல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். ஏறக்குறைய 8,000 சதுர அடித் தளம். லிஃப்டை விட்டு இறங்கியதும் எனக்குக் கால் கூசியது. தரையெங்கும் ரத்தம் தெறித்துக் காய்ந்தமாதிரி சிவப்பு. பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஜனங்கள் அந்தச் சிவப்பின் மேலேயே நடந்துகொண்டிருந்தார்கள். நான் ஓரமாகக் குனிந்து பார்த்தேன். பார்த்தால், கறை இல்லை அது. இலை. இதழ் இதழாக விரிந்து, நரம்புக்கு நரம்பு வெள்ளைக் கோடு ஓடி, முகலாயத் தோட்டத்துச் செடியின் அதே இலை! லாகூரில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்த நாட்களில் இந்தச் சிவப்பு அவர் ஓவியத்துக்குள் வந்தது. உருதுக் கவிஞர் ஃபைஸின் கவிதை வரியைத்தான் தலைப்பாக வைத்திருந்தார்: இந்தக் கறை கழுவப்பட இன்னும் எத்தனை மழை பெய்ய வேண்டும்?

வண்ணத்தை யாரும் கொட்டித் தெறிக்கவிடலாம் நண்பா. கொட்டிய இடத்தில் இலை துளிர்ப்பதைக் காண, ஆயிரம் இலையைப் பார்த்து வரைந்த கண் வேண்டும். அந்த அப்பாவிடம் இதைச் சொல்.

இன்னொன்றும் சொல். குரேஷி தான் படித்த கல்லூரியிலேயே ஆசிரியராகி, அடுத்த தலைமுறையை அதே தரையில் உட்காரவைத்தவர். 2003ல் அவர் யோசனையில் ஒரு காரியம் நடந்தது. அதே துறையில் படித்த ஆறு பேர், அவரும் அவர் மனைவி ஆயிஷா காலித்தும் உட்பட. மூவர் லாகூரில், மற்றவர்கள் நியூயார்க், சிகாகோ, மெல்போர்னில். ஆளுக்கு இரண்டு வஸ்லியில் தொடங்கித் தபாலில் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். ஒருவர் வரைந்ததன் மேல் இன்னொருவர் வரைய, 12 ஓவியங்கள் ஆயின. பழைய அரண்மனைப் பட்டறைகளில் பலர் கூடி ஒரே படத்தை வரைவார்களே, அந்த முறைதான். பெயரும் பட்டறை என்று பொருள்படும் 'கார்கானா' என்றே வைத்தார்கள். நம் கும்பகோணம் விடுதி அறையில் உன் படத்தில் நான் கைவைத்ததற்கு நீ இரண்டு நாள் பேசாமலிருந்தாய், நினைவிருக்கிறதா? இவர்கள் ஒருவர் கோட்டை ஒருவர் அழிக்கவும் சம்மதித்திருந்தார்கள். அந்த நம்பிக்கை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கட்டுப் பிரித்த அன்றே மைதாப் பசை காய்ச்சி, மயில்துத்தம் சிட்டிகை போட்டு, நான்கு தாள் ஒட்டிப் பார்த்தேன். ஒரு மூலை குமிழ் விட்டுவிட்டது. மற்றபடி தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு வருகிறது. இரண்டு துண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. மற்றதை அந்தப் பையனிடம் கொடுத்து, உன் வாசல் வேம்பின் இலை ஒன்றைப் பார்த்து வரையச் சொல். பாதியில் நிறுத்தி எனக்கு அனுப்பட்டும், மீதியை நான் வரைகிறேன்.

அன்புடன்,
உன் அறைத்தோழன்