மூன்றிலிருந்து இரண்டுக்கு

உச்சிப்புளி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ செல்போனில் பதிவு செய்து அனுப்பிய சத்தத்தை ஏழெட்டு முறை கேட்டுவிட்டேன். பட்டறையில் கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்ததால் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கொல்லையில் பனை நிழலில் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். "மகளா பேசுகிறாள்?" என்றாள் உன் அம்மா. "இல்லை, அவள் வண்டி பேசுகிறது" என்றேன்.

குன்னூரில் யாரோ உன் மோட்டார் சைக்கிளின் கியர்பெட்டியைப் பிரித்து செட்டையே மாற்ற வேண்டும் என்று சொன்னார்களாமே. இப்போதைக்கு வேண்டாம். உன் வண்டியில் கியரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் என்ஜினைச் சட்டத்திலிருந்து இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். வயிற்றுவலி என்று வந்தவனிடம் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கூடக் கேட்காமல் கத்தியை எடுப்பது போன்றது அது.

நீ எழுதியிருப்பது இரண்டு சத்தம். காலையில் முதல் கியர் போடும்போது 'டக்' என்று அடித்து வண்டி ஒரு குலுங்கு குலுங்குகிறது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது 'டணார்' என்கிறது, பின்சக்கரம் தத்துகிறது. இவை இரண்டும் வேறு வேறு.

முதல் சத்தம் பெரும்பாலும் குளிரால் வருவது. கியர் மாற்றும்போது ஒரு பல்சக்கரம் விலகி இன்னொன்றின் பல்லில் போய்ச் சேர்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் மோட்டார் சைக்கிளில் என்ஜின் பக்கம் ஒன்று, பின்சக்கரத்தின் பக்கம் ஒன்று என்று இரண்டு தண்டுகள், அவற்றின் மேல் ஜோடி ஜோடியாகப் பல்சக்கரங்கள். எல்லா ஜோடிச் சக்கரங்களும் எப்போதும் கவ்வியபடியேதான் சுற்றுகின்றன. ஆனால் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தண்டோடு சேராமல் சும்மா சுற்றும். அதற்குப் பக்கத்தில் இருக்கும் சக்கரத்தின் விலாவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு முளைகள் இருக்கும். நீ காலால் அழுத்தியதும் உள்ளே ஒரு கவை அந்தச் சக்கரத்தைத் தள்ளும். முளைகள் பக்கத்துச் சக்கரத்தின் பள்ளத்தில் போய் உட்காரும். நீ கேட்கும் 'டக்' அந்த உட்காருகிற சத்தம்தான்.

நின்றிருக்கும் வண்டியில் பின்சக்கரத்தின் பக்கத் தண்டு அசையாமல் இருக்கும். கிளட்சை நீ பிடித்திருந்தாலும், ஆயில் கெட்டியாக இருந்தால் கிளட்ச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மற்றத் தண்டை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுவதும் நிற்பதும் சந்தித்தால் அடிக்கத்தானே செய்யும். நம் ஊரில் மார்கழிக் காலையிலும் ஆயில் அப்படிக் கெட்டியாவதில்லை, அதனால் மூன்று வருடம் இங்கே ஓட்டியபோது உனக்கு அது காதில் விழவில்லை. காலையில் வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிடம் ஓடவிடு. கிளட்சை நாலைந்து முறை பிடித்து விடு. கடைசியாகப் பிடித்துக்கொண்டு இரண்டு மூச்சு விடும் நேரம் பொறுத்து முதல் கியரைப் போடு. ஐடில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது என்ஜின் ஓடும் வேகம், நிமிடத்துக்கு 1,400 சுற்றுக்கு மேல் நின்றால் அதையும் பார்க்கச் சொல். கிளட்ச் லீவரின் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். அதற்கு மேல் தொங்கினால் கிளட்ச் முழுதாக விடுபடாது, நீ ஆயிலின் மேல் பழி போட்டுக்கொண்டிருப்பாய்.

இனி இரண்டாவது சத்தத்துக்கு வருகிறேன். அதில் வண்டியின் குற்றம் பாதிதான், மீதி உன்னுடையது. கோபித்துக்கொள்ளாதே.

30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் உன் வண்டியின் என்ஜின் ஏறக்குறைய 3,800 சுற்றில் ஓடும். அதே வேகத்துக்கு இரண்டாவதில் 5,000 வேண்டும். மீட்டரைப் பார்த்தால் உனக்கே தெரியும், முன்பின் இருக்கலாம். நீ என்ன செய்கிறாய்? ஆக்சிலேட்டரை முழுதாக மூடிவிட்டுக் கிளட்சைப் பிடிக்கிறாய். என்ஜின் 1,400க்கு இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் இரண்டாவதைப் போட்டுக் கிளட்சைப் பட்டென்று விட்டால், மீதி 3,600 சுற்றையும் பின்சக்கரம்தான் தரையைத் தேய்த்து இழுத்துத் தர வேண்டும். பனி படர்ந்த சாலையில் அது தத்தாமல் என்ன செய்யும்?

நடுக்கடலில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு ஐஸ் பெட்டி மாற்றுவதை மண்டபத்தில் உன் மாமாவோடு போனபோது பார்த்திருக்கிறாய். ஒன்று நிற்க மற்றொன்று ஓடினால் பெட்டியும் போகும், கையும் போகும். இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்து பக்கத்தில் சேர்ந்த பிறகுதான் பெட்டி கை மாறும். கியரிலும் அதே கதைதான். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறை. கிளட்சைப் பிடித்துக் காலை அழுத்துகிற அதே நொடியில் ஆக்சிலேட்டரைச் சின்னதாக ஒரு தட்டு தட்டு. என்ஜின் மேலேறி வந்து சக்கரத்தின் வேகத்தைச் சந்திக்கும். அப்போது கிளட்சை விடு, மெதுவாக. சரியாக விழுந்தால் சத்தமே இருக்காது, காலுக்கு மட்டும் ஒரு சின்ன 'ளக்' தெரியும். ஒரே தடவை கிளட்சைப் பிடித்து இரண்டு கியர் இறங்காதே.

காலைப் பாதியில் எடுக்கவும் கூடாது. நம் கடற்கரையில் ஏற்றம் இறக்கம் என்று சொல்லப் பாம்பன் பாலம் ஒன்றுதான் இருக்கிறது. அதிலேயே நான் இதைக் கற்றேன். 1988இல் சாலைப் பாலம் திறந்த புதிதில், முதலாளியின் பழைய வண்டியில் ராமேஸ்வரத்துக்கு உதிரிப்பாகம் கொண்டுபோனேன். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள வண்டி அது. கடல் காற்று பக்கவாட்டில் தள்ளியது. உச்சியைத் தாண்டி இறங்கும்போது ஒரு வேன் நடுச்சாலையில் நிற்கிறது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரோரம் நின்று ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றினேன், அரைகுறையாக. முளை பள்ளத்தில் உட்காரவே இல்லை. என்ஜின் வெறுமையில் அலறியது, வண்டி இறக்கத்தில் தானாக ஓடியது. வேனின் பம்பருக்கும் என் முன்சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளியில் நின்றேன். அந்தச் சாண் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இன்றும் அங்கே வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கத்தான் செய்கிறார்கள்.

வண்டியின் பங்கு என்று பாதி சொன்னேனே, அது செயின். 'டணார்' என்பது கியர்பெட்டிக்குள்ளிருந்து வரும் சத்தம் போல எனக்குப் படவில்லை. வண்டி இழுக்கும்போது செயினின் மேல்பக்கம் விறைப்பாக இருக்கும். என்ஜின் பிடித்து நிறுத்தும்போது கீழ்ப்பக்கம் விறைக்கும். தளர்வு அதிகமானால் இந்த மாற்றத்தில் ஒவ்வொரு முறையும் அடிக்கும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கீழ்ப்பக்கத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து அளந்து பார். சக்கரத்தைக் கால் சுற்று திருப்பித் திருப்பி நாலு இடத்தில் அள. ஒரு இடத்தில் 20 மில்லிமீட்டரும் இன்னொரு இடத்தில் 40ம் வந்தால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை, அதை இறுக்கிப் பயனில்லை. அது என் தவறாகவும் இருக்கலாம். தனுஷ்கோடி உப்புக்காற்றில் மூன்று வருடம் ஓடிய செயினை, நீ கிளம்பிய அவசரத்தில் ஒரே இடத்தில் அளந்து இறுக்கி அனுப்பிவிட்டேன்.

என்ஜினைப் பிளக்க வேண்டிய நேரமும் உண்டு. போட்ட கியர் ஓட்டத்தில் தானாக வெளியே துள்ளினால், கேபிள் சரியாக இருந்தும் 'கர்ர்' என்று அரைத்தால், வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பார்த்து இரும்புச் செதில்கள் ஒட்டினால், அப்போது நானே பஸ் ஏறி வருகிறேன். ஆயில் மாற்றும்போது கார் ஆயிலை ஊற்ற விடாதே. உன் வண்டியின் கிளட்சும் அதே ஆயிலில்தான் நனைகிறது, வழுக்கிவிடும்.

இன்னொன்று. பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறாயாமே, உன் தம்பி சொன்னான். உன்னுடையது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வண்டி. கியரில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கினால் பெட்ரோலே போகாது, நியூட்ரலில்தான் குடிக்கும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது தனி.

ஞாயிற்றுக்கிழமை செயினை நாலு இடத்திலும் அளந்து எழுது. அதன் பிறகு சத்தத்தைத் திரும்பப் பதிவு செய்து அனுப்பு, காற்று அடிக்காத இடமாகப் பார்த்து. அம்மா நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். போன முறை மாதிரி அதை வண்டியின் கருவிப் பெட்டியில் வைத்து மறந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா